பிள்ளை விஷயத்துல பயமில்லை

என் அக்கா புருஷனுக்கு வேலை செய்கிற இடத்தில் லிஃப்ட் என்று பேர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருக்கிறார். வீடு மாறுகிறவர்களுடைய சாமான்களை ஏற்றி இறக்குகிற கம்பெனியில் மாமா இருக்கிறார். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் ஒருக்களித்துத்தான் போக முடியும் என்று போனில் சொன்னால் மற்ற கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பாருங்கள் என்று வைத்துவிடுவார்கள். இங்கே மட்டும், "அதுக்கென்ன, நாங்களே லிஃப்ட் கொண்டு வர்றோம்" என்பார்கள். வீட்டுக்காரர்கள் ஏதோ பெரிய மிஷின் வரப்போகிறது என்று வாசலில் வந்து காத்திருப்பார்கள். வேனிலிருந்து ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக ஒரு ஆள் இறங்குவார். அவ்வளவுதான் மிஷின்.

ஆனால் அவர் பிரிட்ஜ் தூக்குவதைப் பார்க்க வேண்டும். அகலமான பட்டையை அடியில் கொடுத்து, தோள் வழியாகச் சுற்றி, முதுகில் சாய்த்து, மூச்சைப் பிடித்து ஒரே எழும்பு. படி திரும்புகிற இடத்தில் சுவரில் ஒரு கீறல் விழாது. ஏறும்போது பிரிட்ஜிடம் பேசிக்கொண்டே ஏறுவார். "வா ராசா, இன்னும் கொஞ்சம்தான், உள்ள காத்தாட நிக்கலாம்." பீரோ என்றால் "வாம்மா". பீரோ ஏன் பெண், பிரிட்ஜ் ஏன் ஆண் என்று கேட்டேன். "பீரோ எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டுப் பூட்டிக்கும் மாப்ள. பிரிட்ஜ் சும்மா ராத்திரி பகல்னு உறுமிக்கிட்டே இருக்கும்" என்றார். நான் ஒன்பதாவதில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தவன், அக்கா வீட்டோடுதான் இருக்கிறேன். எங்கள் வாத்தியார்கள் யாரும் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அவருடைய வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. நின்றால் வரும், படுத்தால் போய்விடும். முதலில் எலுமிச்சம்பழம் அளவு, பிறகு முட்டை அளவு. மத்தியானம் சாப்பிட்டதும் வேனுக்குள்ளே அட்டைப்பெட்டிகளை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு விரலால் அதை மெதுவாக உள்ளே தள்ளுவார், மேஜை இழுப்பறையைத் தள்ளி மூடுகிற மாதிரி. மூடியதும் ஒரு பெருமூச்சு. திரும்ப எழுந்து பீரோவைத் தூக்கினால் இழுப்பறை திறந்துகொள்ளும்.

அதற்கு மருத்துவத்தில் குடலிறக்கம் என்று பேர். கம்பெனியில் வெறுமனே 'இறக்கம்' என்பார்கள். பாரம் தூக்குகிறவர்களுக்கு வருவதுதான். இறக்கத்தைப் பற்றி அங்கே ஆளுக்கொரு படிப்பு. மூட்டை கட்டுவதில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், கயிறு என்று கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய காலத்திலேயே மாமாவிடம் சொல்லியிருக்கிறார், "குடல் கீழ இறங்கினா வித்து மேல ஏறிடும்டா. அப்புறம் தொட்டில் வாங்குற செலவு உனக்கு மிச்சம்." மாமா அதை நம்பிவிட்டார். நம்பியதால் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நின்றால் வீக்கம் தெரிந்துவிடும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மாப்பிள்ளை அடக்கம், உட்கார்ந்தா உட்கார்ந்த இடம்" என்று எங்கள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் காட்டவும் பயம். காட்டினால் அறுப்பார்கள், அறுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும் என்று கணக்கு. பெரியவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அப்பாவானதில் பாதி சந்தோஷம், கயிறு சொன்னது பொய்யானதில் பாதி. அன்றைக்கே போய் அந்த இறக்கத்தை டாக்டரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் 'அதுபாட்டுக்கு இருக்கு, நம்மபாட்டுக்கு இருப்போம்' என்று விட்டுவிட்டார்.

சின்னது பிறந்தபோதுதான் எல்லாம் மாறியது. அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிப்போய், பிரசவ நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்விழித்தபோது என்னைப் பார்த்து, "நீ யாரு தம்பி?" என்று கேட்டாள். நான் எப்போதும்போல் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அந்தப் பகல் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

பிரசவ வார்டு டாக்டரம்மா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"இன்னொரு பிள்ளை உண்டானா அம்மா உசுருக்கு நான் பொறுப்பில்ல. இப்ப இருக்கிற கொதிப்புக்கு அவங்களுக்குக் கருத்தடை ஆபரேஷனும் பண்ண முடியாது. நீங்க பண்ணிக்குங்க. ஆம்பளைக்கு அது சின்ன வேலை. காலைல வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்."

"பண்ணிக்கிறேம்மா" என்றார் மாமா. சத்தியமாகத்தான் சொன்னார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

ஆனால் வேலைக்கு வந்ததும் கயிறு விடவில்லை. "அதை வெட்டிக்கிட்டா இடுப்புல பலம் இருக்காதுடா. அப்புறம் நீ லிஃப்ட் இல்ல, படிக்கட்டு. ஆளாளுக்கு மிதிச்சுட்டுப் போவாங்க." மாமா அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினார். அதுவரைக்கும் ஆணுறை. அதை அவர் பீரோ மேலே, பழைய துணிகளுக்கு அடியில், ரொம்ப ரகசியமாக ஒளித்துவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவன் நாற்காலி போட்டு ஏறி அத்தனையையும் எடுத்து ஊதி, வாசல் கம்பியில் வரிசையாகக் கட்டிவிட்டான். எதிர்வீட்டு அம்மா, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்டது அதுதான் கடைசி.

அப்புறம் அந்த மூன்று கதவு பீரோ. மாடிக்குப் பாதி ஏறியபோது மாமா நின்றுவிட்டார். "வாம்மா" என்று சொன்ன வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. கயிறும் மற்றவர்களும் பீரோவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவரை வெளியே இழுத்தார்கள். படுக்கவைத்தார்கள். இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். இழுப்பறை மூடவில்லை. கல் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தார். வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் அழுகியிருக்குமாம். உடனே அறுத்து, உள்ளே தள்ளி, ஓட்டையில் வலை வைத்துத் தைத்தார்கள்.

கயிறு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கட்டிலில் மாமா கிடந்த கோலத்தையும், இடுப்புக்குக் கீழே கட்டுப் போட்டிருந்ததையும் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார்.

"எங்கடா வெட்டியிருக்காங்க?"

"இங்கதான்."

"அங்கதானே அதுவும் இருக்கு! அப்ப அந்தக் குழாயையும் சேர்த்துத் தைச்சிருப்பாங்க. அடிச்சுது பார் உனக்கு, ஒரே டிக்கெட்டுல ரெண்டு படம். நீ பயந்துக்கிட்டே இருந்த ஆபரேஷன் உனக்குத் தெரியாமலே முடிஞ்சுபோச்சு."

சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு ஆம்பளை ஆபரேஷன் பண்ணிக்கொண்டான் என்றால் ஒரே அர்த்தம்தான். தலையில் பண்ணினால் தலை ஆபரேஷன், கண்ணில் பண்ணினால் கண் ஆபரேஷன். வெறும் ஆபரேஷன் என்றால் இனி பிள்ளை பிறக்காது. அதுவும் அந்த இடத்தில் பண்ணினால் வேறென்ன? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இருந்தாலும் மாமா சும்மா இருக்கவில்லை. கேட்டார். மறுநாள் காலை அறுத்த டாக்டர் வார்டைச் சுற்றி வந்தார், பின்னால் மாணவர்கள் ஒரு கூட்டம். அவ்வளவு பேர் முன்னால், அதிலும் பாதி பெண் பிள்ளைகள், மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. பெரிய காது வேறு. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சார்... இனிமே பிள்ளை விஷயத்துல பயமில்லையே?"

டாக்டர் அவர் தோளைத் தட்டினார். "ஒரு பயமும் இல்ல. அதெல்லாம் பத்திரமாப் பார்த்துத்தான் பண்ணியிருக்கோம். நிம்மதியா இரு."

நானும் அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். முதுகிலிருந்து பிரிட்ஜை இறக்கிவைத்த சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலே இருந்த மிச்சத்தை எடுத்துக் கயிறுக்குக் கொடுத்துவிட்டார். "எனக்கு இனி இது எதுக்கு? நீ வச்சுக்க." அக்காவிடமும் சொன்னார். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சின்னது பிறந்ததற்குப் பிறகு அவள் எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவள் மாதிரி இருப்பாள், அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று காது கொடுக்கிற மாதிரி. அது நின்றது. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் புகுந்து உட்கார்ந்து தொல்லை கொடுத்தால், "போடா, உனக்கு வேற வேலை இல்ல" என்று அக்கா என் மண்டையில் குட்டுவாள். மாமாவுக்குக் கம்பெனியில் பாரம் தூக்காத வேலை, கண்ணாடிச் சாமான்களைத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கிற வேலை. "லிஃப்ட் ரிப்பேர்" என்று கிண்டலடித்தார்கள். அவர் அதற்கும் சிரித்தார். அந்த வீட்டில் அவ்வளவு நல்ல காலம் அதற்கு முன் இருந்ததில்லை.

அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. உடம்பு பலவீனம் என்று நினைத்தாள். அடுத்ததும் தள்ளியது. காலையில் வாந்தி. பித்தம் என்று நினைத்தாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கவே முடியாத ஒன்று என்று தெரிந்தால் யார்தான் அதை நினைப்பார்கள்? கடைசியில் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டையை வாங்கி வந்து சோதித்துப் பார்த்தாள். கழிவறைக்குள்ளேயே ரொம்ப நேரம் இருந்தாள். வெளியே வந்து மாமாவிடம் சொன்னாள்.

மாமா, "சரி" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தவில்லை. அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கையால் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்தால் வேனிலேயே படுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? வீடு காலி பண்ணும்போது ஒரு சாமானில் விரிசல் இருந்தால், அது ஏற்கெனவே இருந்ததா, இப்போது விழுந்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அப்படி. படிக்கட்டில் போகிற வருகிற ஆம்பளை ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரர், கீழ்வீட்டுத் தையல்காரர், ஊன்றுகோலோடு நடக்கிற எதிர்வீட்டுப் பெரியவர்வரை எல்லாரையும் அளந்தார். வேறு சமயமாக இருந்தால் அந்தப் பெரியவரை வைத்து நான் ஒரு வாரம் ஜோக் அடித்திருப்பேன்.

மாமாவின் அம்மா, என் அத்தை, அடுத்த தெருவில் பெரிய மகனோடு இருக்கிறவள். விஷயம் காதில் விழுந்ததும் வந்துவிட்டாள். அவளுக்கு எதையும் அடக்கிவைக்கத் தெரியாது.

"ஆபரேஷன் பண்ணின வீட்டுல தொட்டில் எப்படிடீ ஆடும்?"

"எனக்கும் தெரியல அத்தை" என்றாள் அக்கா.

"தெரியலையா? உனக்குத் தெரியாம வந்துச்சா? பறந்து வந்துச்சா?"

"சத்தியமாத் தெரியல."

அதுதான் கொடுமை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தப்புப் பண்ணினவளுக்குக்கூடச் சொல்ல ஒரு கதை இருக்கும். இவளிடம் ஒன்றுமே இல்லை. ஒருநாள் சமையலறையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "டேய், வலிப்பு வந்தப்ப எனக்கு மூளை கலங்கிச்சே. அது மாதிரி நடுவுல எப்பவாவது கலங்கி, நான் எனக்கே தெரியாம..." முடிக்கவில்லை. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"அக்கா, நீ குழாய்க்காரர்கிட்ட பத்து ரூபா குறைக்கச் சொல்லி அரைமணி சண்டை போட்டவ. எவன் உன்கிட்ட வருவான்?"

சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். அங்கே அந்த டாக்டரம்மா, 'புருஷன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரா?' என்று கேட்பார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன? அந்த அடுத்த கேள்விக்குப் பயந்தே அவள் போகவில்லை. கால் வீங்க ஆரம்பித்தது. மோதிரம் விரலைவிட்டுக் கழலவில்லை. அப்போதும் போகவில்லை.

மாமாவை வேனில் போய்ப் பிடித்தேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தார்.

"மாமா, உங்களை அறுத்த டாக்டரைப் போய்க் கேளுங்க. ஒருவேளை சரியாப் பண்ணலையோ என்னவோ."

"கேட்டா?"

"கேட்டாத்தானே தெரியும்."

"சரியாத்தான் பண்ணினேன்னு சொல்லிட்டா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப ரெண்டு வழி இருக்கு மாப்ள. கேட்டுட்டா ஒண்ணுதான் இருக்கும்."

அவர் அத்தனை நாளும் போகாததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூஞ்சியைக் காட்டாமல் இருக்க நான் வேனின் கதவைத் திறந்து மூடி விளையாடினேன்.

"அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கு மாமா. போன தடவை மாதிரியே."

எழுந்து உட்கார்ந்தார். சட்டையை மாட்டினார். "டாக்டர்தான் தப்புப் பண்ணியிருக்கான்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அவன்தான் பண்ணியிருப்பான். வா, அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கிறேன்." வழி முழுக்கத் திட்டுகளைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தார்.

வெளி நோயாளிகள் வரிசை ஊர்ந்து ஊர்ந்து எங்களை உள்ளே விட்டது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேட்டியை இறக்கு" என்றார். மாமா தன்னையறியாமல் இறக்கிவிட்டார். டாக்டர் தழும்பின்மேல் விரலை வைத்தார். "இருமு."

சட்டையைப் பிடிக்க வந்தவர் இருமினார்.

"இன்னும் பலமா. ம். தையல் ஜம்முனு இருக்கு. என்ன பிரச்சினை?"

"என் பொண்டாட்டி முழுகாம இருக்கா."

"ரொம்ப சந்தோஷம்."

"என்ன சார் சந்தோஷம்! நீங்க ஆபரேஷன் சரியாப் பண்ணல!"

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "எந்த ஆபரேஷன்?"

மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஆபரேஷன் என்று ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பிள்ளை பிறக்காம இருக்க... அன்னைக்குக் கேட்டேனே சார். பயமில்லையேன்னு கேட்டேன். நீங்க பயமில்லைன்னு சொன்னீங்க."

"ஐயோ" என்றார் டாக்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இங்க வர்ற அத்தனை பேரும் என்னைக் கேக்கிறது அதான்யா, இறக்கத்துக்கு அறுத்தா பிள்ளை பிறக்காமப் போயிடுமோன்னு. நீயும் அதுக்குத்தான் பயப்படுறேன்னு நினைச்சேன். நான் தைச்சது குடல் வர்ற ஓட்டையை. வித்துக் குழாய் அது பக்கத்துலயே ஓடும். அது அறுந்துடக் கூடாதுன்னு தனியா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சேதமில்லாமக் காப்பாத்திக் கொடுத்தேன். பிள்ளை வேண்டாம்னா அது வேற ஆபரேஷன். கீழ, விதைப் பையில, ஊசி முனை அளவு ஓட்டை போட்டு அந்தக் குழாயைக் கட்டி வெட்டுறது. அதை யாரும் உனக்குப் பண்ணல. நீ பண்ணச் சொல்லவும் இல்ல."

"அப்ப அது என் பிள்ளை" என்றார் மாமா.

"வேற யாருது?" என்றார் டாக்டர். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரல் இறங்கி, "உன் பிள்ளைதான்யா. முதல்ல வீட்டுக்குப் போ" என்றார்.

வெளியே வராந்தாவில் நடந்தபோது மாமா இரண்டு தடவை சுவரில் இடித்துக்கொண்டார். பீரோவோடு ஏறும்போது இடிக்காதவர்.

வீட்டில் அக்கா பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். மாமா நேரே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார், "எனக்கும் போடு" என்று. அவள் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அது வேற ஆபரேஷனாம். எனக்குப் பண்ணினது அது இல்லையாம். நான் கேட்டது ஒண்ணு, அவரு சொன்னது ஒண்ணு."

"அப்ப நான் நல்லவதான்" என்றாள் அக்கா. "டாக்டரே சொல்லிட்டாரு." அவருக்கு ஒரு கரண்டி போட்டாள். இன்னொன்றும் போட்டாள். தட்டு நிறைந்து வழிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் எழுந்து போய்க் கரண்டியை வாங்கினேன். அவள் கை சுட்டது. ஜுரமா என்று தொட்டுப் பார்த்தால் முகமெல்லாம் வீக்கம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கொதிப்பைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார். முதலிலேயே வந்திருந்தால் செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்று பிறகு சொன்னார். சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தார்கள். அப்புறம் வலிப்பு. இனிமேல் தாமதிக்க முடியாது என்று வயிற்றைக் கிழித்துக் குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மாமா அந்தப் பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே இருந்தார். மற்ற குழந்தைகளின் அப்பாக்கள் வந்து போனார்கள், இவர் நகரவில்லை. நர்ஸ் ஒருத்தி, விரலை உள்ளே விட்டுத் தொடலாம் என்றாள். அவருடைய விரல் அந்தக் குழந்தையின் காலைவிடப் பருமனாக இருந்தது. தொடாமலே கையை எடுத்துக்கொண்டார். குழந்தை அந்தப் பெட்டியைவிட்டு உயிரோடு வெளியே வரவில்லை.

அதற்குக் காது பெரிதாக இருந்தது. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு வராந்தாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் அவள் கேட்கிற ஆள் இல்லை. அக்காவின் துணிகளை மட்டும் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் கண் பழைய மாதிரி இல்லை. எதையும் ஆவிக்கு நடுவே பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிறாள். சின்னதின் தலையில் பேன் பார்க்க என்னைக் கூப்பிடுகிறாள்.

மாமா போய் அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கொண்டார். கயிறிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. என்னை மட்டும் கூட்டிப்போனார். காலையில் போனோம், டாக்டரம்மா சொன்ன மாதிரியே மத்தியானம் முடிந்தது. இந்தத் தடவை அவருக்கு வெட்கமில்லை. அந்த வராந்தாவில் பெண்கள், கைக்குழந்தைகள், காவல்காரர் எல்லாரும் இருக்கும்போது டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என்னால என் பொண்டாட்டி முழுகாம ஆக முடியுமா, முடியாதா? முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, வேற வார்த்தை வேண்டாம்" என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப முடியும்" என்றார் அந்த டாக்டர். "மூணு மாசம் கழிச்சு வந்து டெஸ்ட் கொடு. குழாயில மிச்சம் மீதி இருக்கும். அது காலியான பிறகுதான் முடியாது. அதுவரைக்கும் உறை போடணும்."

மாமா அதை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், பிரிட்ஜ் திரும்புகிற கோணத்தைக் கையால் அளந்து பார்க்கிற மாதிரி. இடுப்பு பலம் ஒன்றும் போகவில்லை. கொஞ்ச நாளிலேயே எழுந்து நடமாடினார்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட் கொடுத்தார். காலியாகிவிட்டது என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் நின்றார். அவள் பெரியவனின் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள், ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து.

"ஒண்ணும் இல்லையாம்" என்றார். "இனிமே உண்டாகவே உண்டாகாதாம்."

"சரி."

"நிஜமாத்தான். திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

"சரிங்க. நீங்க பண்ணிக்கிட்டீங்க, நல்லதாப் போச்சு." நூலைப் பல்லால் கடித்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். "அத்தனை நாள் உக்கார்ந்து என்னைப் பார்த்தீங்களே, அந்தப் பார்வை எனக்குள்ளேயே கிடக்கு. அதை எடுக்க ஏதாவது ஆபரேஷன் இருக்கான்னு கேட்டீங்களா?"

அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அவர் வாங்கிக் கோத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அக்கா இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு உள்ளறையில் படுக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை, ஆனால் அங்கே இன்னொரு பாய்க்கு இடமும் வைப்பதில்லை. மாமா கூடத்தில் என் பக்கத்தில் படுக்கிறார். அவர் விடுகிற குறட்டைக்கு மூக்கில் துணி கிளிப் மாட்டலாம், வாயில் சோப்பு வைக்கலாம், எனக்கு எத்தனையோ யோசனை இருக்கிறது. ஒன்றையும் செய்வதில்லை. குறட்டை விடாத நேரங்களில் அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போது நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன், அவர் பாட்டுக்கு உள்ளறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.